அசையாதீங்க, மச்சான்

சிலிபின், ஈப்போ
14.3.1978

அன்புத் தங்கை நவமணிக்கு,

அண்ணன் கார்த்திகேசு எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மச்சானும் பாப்பாவும் சுகமாக இருக்க மாரியம்மா துணை. முழங்கை வீக்கம் வற்றிவிட்டதா? குளிக்கிற இடத்தில் பாசி வழுக்கி விழுந்தேன் என்று எழுதியிருந்தாய். ஏழாங்கட்டைத் தோட்டத்து லயத்தில் எல்லார் வீட்டிலும் அதே சிமெண்டுதானே, உனக்கு மட்டும் ஏன் வருஷத்துக்கு மூன்று தடவை வழுக்குகிறது? தேங்காய் நார் போட்டு நன்றாகத் தேய்.

ஸ்டூடியோவில் அதே வேலைதான். கல்யாணம், பாஸ்போர்ட், செத்தவர் படம். செத்தவர் படம் முழுக்க இப்போது என் தலையில். நாலு பேர் கூட்டமாக நின்ற பழைய படத்தைக் கொண்டுவருவார்கள். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்து, பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வரைந்து கொடுக்க வேண்டும். ஆயுசுக்கும் ரப்பர் பால்வாளி தூக்கியவர் செத்ததும் வக்கீல் மாதிரி ஆகிவிடுகிறார். என் முதலாளி ஜஹாங்கீர் பாய், “தலை நல்லாருந்தா போதும்லா, மத்தத நாம போட்டுக்கலாம்” என்பார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓடிவிடுகிறேன். லூமுட் வரை பஸ், அங்கிருந்து படகில் பங்கோர் தீவு. தீவின் மேற்குப் பக்கம் கரும்பாறைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சுமத்ராப் பக்கமிருந்து காற்று கிளம்பும் காலையில் போய் நிற்க வேண்டும். அலை வந்து அறைகிறது. பின்வாங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, அதே இடத்தில் மறுபடி அறைகிறது. பாறை ஒன்றும் சொல்வதில்லை. அதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறேன். கேமராவில் சிவப்புக் கண்ணாடி மாட்டினால் வானம் மை பூசினாற்போல் இருண்டுவிடும். பாறையில் ஒட்டிய சிப்பி காலைக் கிழித்ததுகூட அறைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு படம் இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு எழுது.

பாப்பாவுக்கு முத்தம். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
கார்த்திகேசு


ஏழாங்கட்டைத் தோட்டம், சிலிம் ரிவர்
9.4.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நவமணி எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லாரும் நலம். உன் நலம் எழுதவும். வயிற்றுவலி இன்னும் இருக்கிறதா? கடைச் சாப்பாட்டைக் குறை.

படம் கிடைத்தது. கோபித்துக்கொள்ளாதே, கல்லும் தண்ணீரும்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு வீரம்மா அக்காவிடம் காட்டினேன். ஆயாக்கொட்டகையில் முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிறவள், எதற்கும் அசராதவள், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல யாரு செத்துட்டாங்க?” என்று கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆளே இல்லாத படத்தை என்ன செய்வது அண்ணே? அந்தப் பாறைமேல் ஒருத்தரையாவது நிறுத்தி எடு. அப்போதுதான் அலை எவ்வளவு உயரம் என்று எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும்.

ஆளை வைத்து எடுத்தால் மட்டும் என்ன வாழ்ந்தது என்கிறாயா? என் கல்யாணப் படத்தில் “அசையாதீங்க, அசையாதீங்க” என்று நீ தொண்டை கிழியக் கத்தினாய். நான் மூச்சுக்கூட விடவில்லை. அவர் அசைந்துவிட்டார். இன்றைக்கும் சுவரில் மாப்பிள்ளை முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாய் ஒரு கலங்கல். யார் சொல்லையும் கேட்கிற ஆளில்லை அவர்.

பாறை ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருந்தாய். சொல்லி என்ன ஆகப்போகிறது. முழங்கை சரியாகிவிட்டது. உதடு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மறுபடி அதே பாசிதான். நார் போட்டுத் தேய்க்கிறேன்.

இப்படிக்கு உன் தங்கை,
நவமணி


ஏழாங்கட்டைத் தோட்டம்
2.7.1978

தம்பி கார்த்திகேசுக்கு,

வீரம்மா எழுதுவது. நல்லா இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நல்லா இல்லை.

உன் தங்கச்சி எழுத வேண்டிய கடிதம் இது. அவளால் பேனா பிடிக்க முடியாது. வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. “வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதுக்கா” என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறாள். நான் வேறு எழுதுகிறேன், அவளுக்கு இந்தப் பக்கம் தெரியாது.

உன் மச்சான் உடையப்பன் லாரியை நிறுத்திவிட்டு நேரே சம்சுச் சாராயக் கடைக்குப் போகிறவன் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். போன செவ்வாய் குழம்பில் உப்பு இல்லை என்று ஆரம்பித்தான். அவள் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். ஒரு தடவை இல்லை. பாப்பா ஓடிவந்து என் சேலையைப் பிடித்து இழுத்தது. நான் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கதவைத் திறந்தான். ஆறு வருஷமாக இதுதான் நடக்கிறது. அந்தக் குளிக்கிற இடத்தில் பாசியே கிடையாது தம்பி. நான் தினம் பார்க்கிறேன், துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது.

கல்லையும் தண்ணியையும் படம் எடுத்தது போதும். வந்து பார்.

வீரம்மா


ஏழாங்கட்டைத் தோட்டம்
20.8.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

நவமணி எழுதுகிறேன். கட்டுப் பிரித்தாகிவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். உடம்பு பரவாயில்லை. நீ நலமா?

நீ வந்து போனதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மனம் கேட்கவில்லை. கேமரா ஸ்டாண்டின் காலைக் கழற்றி அவர் முதுகிலும் முகத்திலும் இறக்கினாய். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டிற்று. ஐயாவு கங்காணி நடுவில் விழுந்து தடுத்திராவிட்டால் அன்றைக்கே ஒரு உயிர் போயிருக்கும். லயமே வேடிக்கை பார்த்தது. நீ சட்டையை உதறிக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

நான் எந்த பஸ்ஸில் ஏறுவது அண்ணே?

நீ போன அரை மணி நேரத்தில் அவர் உள்ளே வந்து தாழ்ப்பாள் போட்டார். நான் பாப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். நீ கொடுத்த நாலு அடியும் எனக்கு எட்டாகத் திரும்பி வந்தது. தலைமுடியைச் சுற்றிப் பிடித்து நடுத்தூணில் மோதினார். ஒரு காதில் இன்னும் வண்டு ரீங்காரம். வீரம்மா அக்கா கதவை உடைக்க ஆள் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்து, அவர் சோறு போடச் சொன்னார். போட்டேன்.

எனக்காக நீ கோபப்பட்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் உன் கோபம் உன்னோடு ஈப்போவுக்கு வந்துவிடுகிறது, அவர் கோபம் என்னோடு வீட்டில் இருக்கிறது. இனிமேல் எதுவானாலும் என்னைக் கேட்டுவிட்டுச் செய்.

உன் தங்கை,
நவமணி


சிலிபின், ஈப்போ
15.10.1978

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. காது எப்படி இருக்கிறது? தைப்பிங்கில் நல்ல காது வைத்தியர் ஒருவர் இருக்கிறார், கூட்டிப் போகிறேன்.

உன் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. பதில் எழுத முகமில்லை. நான் செய்தது தப்பு. உன்னை என்னோடு வந்துவிடச் சொன்னால், பாப்பாவை விடமாட்டான் என்கிறாய். அவனை அடித்தால் உனக்கு வலிக்கிறது. எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அன்றைக்கு நான் கிளம்புமுன் ஐயாவு கங்காணி எங்கள் இரண்டு பேரையும் கைகொடுக்க வைத்தபோது, மச்சானுக்குத் தூண்டில் போடுவதில் பைத்தியம் என்று சொன்னார். அடுத்த மாதம் பங்கோருக்கு அவரையும் கூட்டிப் போகட்டுமா? எனக்கும் சாமான் தூக்க ஒரு ஆள் வேண்டும். தண்ணீர் போடாத மனுஷனோடு இரண்டு நாள் இருந்து பேச வேண்டும்.

உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். எழுது.

அண்ணன்,
கார்த்திகேசு


ஏழாங்கட்டைத் தோட்டம்
2.11.1978

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நீயும் சுகமாயிருப்பாய்.

நீ கூப்பிட்டதாகச் சொன்னேன். நம்பமாட்டாய், அவருக்குச் சந்தோஷம். புதுத் தூண்டில் நரம்பு வாங்கி வந்து வாசலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்கிறார். பாப்பாவிடம் சுறா பிடித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாகக் கை நீட்டவில்லை.

கூட்டிக்கொண்டு போ அண்ணே. பேசு. திருத்திக் கொண்டுவா.

இதற்கு அடுத்த வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். படிக்க முயற்சி செய்யாதே.

நவமணி


சிலிபின், ஈப்போ
20.12.1978

அன்புத் தங்கை நவமணிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே நாக்கு எழவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கருமாதி முடிந்த அன்றே நான் கிளம்பி வந்தது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அத்தனை நாளும் எப்படி நடந்தது என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நவம்பர் பன்னிரண்டு, ஞாயிறு காலை ஏழரை மணி. முதல் நாள் மாலையே தீவுக்குப் போய் மீனவர் கொட்டகையில் தங்கியிருந்தோம். மேற்கே வானம் கறுத்து வந்தது. படகுக்காரர் இன்றைக்குப் பாறைப் பக்கம் போகாதீர்கள் என்றார். மச்சான் கேட்கவில்லை. இந்த நேரத்தில்தான் மீன் கரைக்கு வரும் என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு கீழ்ப்பாறைக்கு இறங்கினார். நான் மேலே கேமராவில் தெறித்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காற்று ஒரே வீச்சாக வீசிற்று. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் இல்லை. பாறையில் பாசி. வழுக்கிவிட்டது. கத்திக் கத்திப் பார்த்தேன், அலைச் சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்கவில்லை. போலீசிலும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் அடுத்த வளைவில் கிடைத்ததை நீ பார்க்கக் கூடாது என்றுதான் பெட்டியை ஆணி அடித்துக் கொண்டுவந்தேன். பாறை முகத்தை விட்டுவைக்கவில்லை.

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கவலைப்படாதே.

அண்ணன்,
கார்த்திகேசு


ஏழாங்கட்டைத் தோட்டம்
11.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நவமணி எழுதுகிறேன். நானும் பாப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பால்வெட்டுக்குப் போகிறேன். காது ரீங்காரம் குறைந்திருக்கிறது. ஊரார் முன்னால் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்கிறேன். நான் நன்றாகத் தூங்குகிறேன். லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் கை தானாகத் தலையை மூடிக்கொள்கிறது. அழ வேண்டிய நேரத்தில் எனக்கு அழுகை வரவில்லை. பெட்டியைத் திறந்து காட்டியிருந்தால் வந்திருக்குமோ என்னவோ.

பாப்பாவுக்கு அப்பா முகம் மறந்துகொண்டு வருகிறது. சுவரில் இருக்கிற கலங்கலைப் பார்த்து, “அப்பா ஏன் புகையா இருக்காரு?” என்று கேட்கிறது. நல்லவரோ கெட்டவரோ, பிள்ளைக்கு அப்பா முகம் என்று ஒன்று வேண்டாமா? அடையாளக் கார்டும் லைசென்ஸும் சட்டைப்பையில் ஊறிக் கூழாகிவிட்டது. வருஷத் திதிக்குப் படையல் போட வேண்டும். மாலை போட, பொட்டு வைக்க ஒரு படம் வேண்டும். பங்கோரில் இரண்டு நாள் கூட இருந்தாயே, கையில் கேமராவும் இருந்ததே. ஒன்றுகூடவா எடுக்கவில்லை? தூண்டிலோடு, மீனோடு, படகில், எதுவானாலும் போதும்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கை,
நவமணி


சிலிபின், ஈப்போ
3.6.1979

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால் தாமதம்.

படம் இல்லை. மச்சானுக்குக் கேமரா முன்னால் நிற்கப் பிடிக்காது என்று உனக்கே தெரியும். கல்யாணப் படத்தை வைத்து நானே வரைந்து தருகிறேன். திதிக்குள் கிடைக்கும்.

பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொல்லு.

அண்ணன்


ஏழாங்கட்டைத் தோட்டம்
20.9.1979

கார்த்திகேசு அண்ணனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை வீரம்மா அக்கா கடையிலிருந்து வாங்கி வந்தாள். ‘ஈப்போ புகைப்படக் கண்காட்சியில் நம்மவருக்கு முதல் பரிசு’ என்று உன் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தது. ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். பெருமையாக இருந்தது. முழுசாக அரை நிமிஷம் பெருமையாக இருந்தது.

கரும்பாறை. கறுத்த வானம். லயத்துக் கூரையைவிட உயரமாக ஒரு அலை. அதற்கு முன்னால் ஒரு ஆள். கீழே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? ‘பெயர் தெரியாத மீனவர் ஒருவர்.’

அவருக்குப் பெயர் இருக்கிறது. உடையப்பன். கட்டிக்கொண்டு ஏழு வருஷத்தில் என் வாயால் சொல்லாத பெயர், கையால் எழுதாத பெயர். இன்றைக்கு எழுதிவிட்டேன். உடையப்பன். என் எலும்பை உடைத்த கை அது, அச்சில் புள்ளி புள்ளியாக இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாதா?

மீன் பிடிக்கிறவன் கையில் தூண்டில் எங்கே? கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்து, முகவாயை நிமிர்த்தி எந்த மீனவன் நிற்பான்? நீ நிறுத்தினால்தான் ஆள் அப்படி நிற்கும். அந்த நிலையில் நிற்க எனக்கே தெரியும், என் கல்யாணத்தில் நின்றிருக்கிறேன். கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன், நிமிர்வதற்குள் ஆள் இல்லை என்று எழுதினாய். அலை அவர் தலைக்குமேல் நிற்கிறதே, இதை யார் எடுத்தது?

பாசி என்று எழுதினாய். பாசி என்று உனக்கு எழுதியவள் நான். அந்தப் பொய்யை மடித்து எனக்கே திருப்பி அனுப்பியிருக்கிறாய். நானும் நம்பினேன் பார்.

படம் இல்லை என்றாயே. பிள்ளைக்கு அப்பா முகம் வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டேன். முகத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ஊர் பார்க்கச் சுவரில் மாட்டியிருக்கிறாய்.

எனக்கு இரண்டு கேள்விதான். நான் அடித்த வரியை நீ படித்தாயா? அந்தப் பாறையில் நீ செய்தது எனக்காகவா, படத்துக்காகவா? எனக்காக என்றால் சொல்லு, அந்தப் பாவத்தில் பாதியை நான் சுமக்கிறேன். உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன். வாசலில் வந்து நில், காலைக் கழுவி உள்ளே கூப்பிடுகிறேன். படத்துக்காக என்றால் அதையும் எழுது.

மழுப்பி எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும். ஆறு வருஷம் நானே மழுப்பி எழுதியிருக்கிறேன்.

நவமணி


சிலிபின், ஈப்போ
7.10.1979

அன்புத் தங்கை நவமணிக்கு,

நீயும் பாப்பாவும் நலமாக இருக்க வேண்டும்.

அந்த வரியைப் படித்தேன். உன் கடிதம் வந்த அன்றே டார்க் ரூமில் விளக்குக் கண்ணாடிமேல் வைத்துப் படித்துவிட்டேன். ‘திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை.’ அதை யாரிடமும் சொல்லவில்லை.

இனி நடந்ததை எழுதுகிறேன். படகில் போகும்போதே பேச்சை எடுத்தேன். உடையப்பன் திருந்தவில்லை, நவமணி. உன் கை முறிந்த கதையைச் சொல்லிச் சிரித்தான். “கதவு இடுக்குல மாட்டுன எலி மாதிரி கத்துனா மச்சான்” என்றான். அங்கேயே அவனைத் தண்ணீரில் தள்ளியிருந்தால் உனக்காகச் செய்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன். தள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை அந்த மேகம் வந்தது. பத்து வருஷமாகக் காத்திருந்த வெளிச்சம் அது, மேலே கறுப்பு, கீழே கோடு போட்ட மாதிரி வெள்ளை. பாறை வெறுமையாக இருந்தது. ஆள் நின்றால்தான் அலையின் உயரம் தெரியும் என்று நீ எழுதியது நினைவுக்கு வந்தது. பழியை உன்மேல் போட இதை எழுதவில்லை. கீழ்ப்பாறையில் நில்லுங்கள் என்று சொன்னது நான்தான். தூண்டிலைக் கீழே வைக்கச் சொன்னதும் நான்தான். “நான் நின்னா ஆடிருவேன்லா, ஒன் தங்கச்சி கல்யாணத்துல பாத்தல்ல” என்று சிரித்துக்கொண்டே போய் நின்றான்.

என் கேமராவின் மேல் கண்ணாடியைக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் அவனுக்குப் பின்னால் சுவர் மாதிரி ஒன்று எழுந்ததைப் பார்த்தேன். ஐந்து எண்ணுகிற நேரம் இருந்தது. ஓடு என்று கத்த அது போதும். இரண்டு எட்டு வைத்தால் மேல்பாறை. அவனுக்கும் சத்தம் கேட்டிருக்கிறது. திரும்பட்டுமா என்று கண்ணால் என்னைக் கேட்டான். பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லும் சொல்தான் என் வாயிலிருந்து வந்தது.

“அசையாதீங்க, மச்சான்.”

அவன் அசையவில்லை.

பழக்கத்தில் வந்துவிட்டது என்று போலீசிடம் சொல்லலாம், ஜஹாங்கீர் பாயிடம் சொல்லலாம். உன்னிடம் சொல்ல முடியாது. சொல்லும்போதே எனக்கு அலை தெரியும்.

அலை அவனை மேலிருந்து அடித்து, இரண்டு பாறைக்கு நடுவில் தள்ளி, இழுத்து, மறுபடி கொண்டுவந்து மோதிற்று. மூன்று தடவை. தலை மோதிய சத்தம் அந்தக் கடல் இரைச்சலிலும் தனியாகக் கேட்டது. ஒரு கை மேலே வந்தது. நான் கீழே ஓடவில்லை. என் கை ஃபிலிமைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் எடுத்தது ஒரு படமல்ல, நாலு. முதலாவதைத்தான் நீ பேப்பரில் பார்த்தாய்.

உனக்காக என்று எழுத மூன்று தாள் கிழித்தேன். அப்படி எழுதினால் நீ என்னை மன்னிப்பாய் என்று தெரியும். ஆனால் அந்த ஐந்து எண்ணும் நேரத்தில் உன் முகம் என் மனத்தில் இல்லை. உன் கை இல்லை, நீ அடித்த வரி இல்லை. பாறை, அலை, ஆள் மூன்றும் ஒரு சட்டத்துக்குள் சரியாக உட்கார்ந்துவிட்டன என்பது மட்டும்தான் இருந்தது. உன்னிடம் இதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று எனக்கும் தெரியும். நீ சொல்வதைச் செய்கிறேன். போலீசுக்குப் போ என்றால் போகிறேன்.

அண்ணன்,
கார்த்திகேசு


ஏழாங்கட்டைத் தோட்டம், சிலிம் ரிவர்
14.10.1979

திரு. கார்த்திகேசு அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே நானும் என் மகளும் நலம்.

மூன்று தடவை படித்தேன். எனக்காக என்று ஒரு பொய் எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீங்கள் உண்மையை எழுதிவிட்டீர்கள். இப்போது சுமக்க எனக்குப் பாதி இல்லை. என் அடியையும் அவர் சாவையும் நீங்கள் பார்த்த விதம் ஒன்றுதான். தூரத்தில் நின்று, அலை அறைகிறது, பாறை ஒன்றும் சொல்லவில்லை என்று.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைத்தது உண்மை. அது எனக்கும் மாரியம்மாவுக்கும் உள்ள வழக்கு, அதில் நீங்கள் வர வேண்டாம். போலீசுக்குப் போகச் சொல்ல மாட்டேன். போக வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

திதி இந்த வருஷம் முன்னாலேயே வருகிறது, இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஊரில் எல்லாருக்கும் செய்து கொடுக்கிற வேலையை எனக்கும் செய்து கொடுங்கள். அந்தப் படத்திலிருந்து அவர் தலையை வெட்டி எடுங்கள். பெரிதாக்குங்கள். கோட்டு வேண்டாம், டை வேண்டாம், அவர் போட்டதில்லை. லாரிக்குப் போட்டுப் போகும் காக்கிச் சட்டையை வரையுங்கள், மேல் பொத்தான் இல்லாமல். பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியக் கூடாது. நீங்கள்தான் செய்ய வேண்டும், வேறு ஆளிடம் கொடுக்கக் கூடாது. பெரிதாக்கும்போது அவர் கண் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும். நிதானமாகச் செய்யுங்கள், அவசரமில்லை.

மற்ற மூன்று படத்தையும் எரித்துவிடாதீர்கள். வைத்திருங்கள்.

பேப்பர் படத்தைப் பாப்பா பார்த்துவிட்டது. அப்பா ஏன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிற்கிறார் என்று கேட்டது. மாமா அசையாதே என்று சொன்னார், அப்பா கேட்டுக்கொண்டார் என்றேன். “அப்பா நல்ல புள்ளலா” என்றது.

படத்தைத் தபாலில் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உடையப்பன் மனைவி
நவமணி